கைலியில் ஒரு குயில்ட்: எம்.சி. ரோடு முதல் காலடிப்பேட்டை வரை துணி தேடி ஒரு நடை!

வண்ணாரப்பேட்டை மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி மேலே வந்தால் யாரிடமும் வழி கேட்கத் தேவையில்லை. காலிப் பையோடு வேகமாக நடப்பவர்கள் பின்னால் போனால் எம்.சி. ரோடு வந்துவிடும். தி.நகருக்கு ரங்கநாதன் தெரு என்றால் வடசென்னைக்கு இந்த ரோடு. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று இந்தப் பக்கத்து வீடுகளில் கல்யாணம், காதுகுத்து, தீபாவளி எது வந்தாலும் துணி எடுக்கும் பேச்சு இங்கேதான் தொடங்கும்.

இந்த ரோட்டுக்கு அதிகம் வராத ஓர் ஆசையோடு வந்தால் எப்படி இருக்கும்? புடவையும் வேண்டாம், சுடிதாரும் வேண்டாம். ஒரு குயில்ட் தைக்க வேண்டும். அதுவும் கட்டத்துக்கு ஒரு டிசைனாக 9 கட்டம் வைத்த 'சாம்ப்ளர் குயில்ட்'. யூடியூபில் வெளிநாட்டுப் பெண்கள் அழகழகாய் மடித்து அலமாரியில் அடுக்கியிருக்கும் அந்த 'குயில்டிங் காட்டன்' இங்கே கிடைக்குமா?

அந்தப் பெயரில் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. "குயில்ட் துணி இருக்கா?" என்று கேட்பவர் முன்னால் கம்பளியோ ரெடிமேட் ரஜாயோ வந்து விழும். "காட்டன் ரன்னிங் மெட்டீரியல், அரை மீட்டர் அரை மீட்டரா வெட்டித் தருவீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த கேள்வி வந்தே தீரும்: "அரை மீட்டர்ல என்னம்மா தைப்பீங்க?"

நியாயமான கேள்விதான். ஆனால், அரை மீட்டர் துணியில் என்ன தைக்கலாம் என்று உலகத்துக்குக் கற்றுக் கொடுத்ததில் இந்தக் கடற்கரைக்கும் பங்கு உண்டு. அதைக் கடைசிவரை நடந்துதான் பார்க்க வேண்டும்.

பாட்டியின் கந்தையும் இதுதான்

குயில்ட் என்றால் மூன்று அடுக்கு. மேலே துண்டுத் துணிகளை இணைத்த முகப்பு. நடுவில் பஞ்சு விரிப்பு. கீழே ஒரு முழுத்துணி. மூன்றும் நகராமல் இருக்க, மொத்தத்தையும் சேர்த்து ஓட்டுகிற தையலுக்குத்தான் குயில்டிங் என்று பெயர்.

இது வெளிநாட்டுச் சமாசாரம் என்று நினைத்துவிட வேண்டாம். வங்காளத்தில் இதற்கு காந்தா. மகாராஷ்டிரத்தில் கோதடி. கர்நாடகத்தில் கவுதி. ஆந்திராவில் பொந்த. உத்தர கன்னடத்துச் சித்தி இனப் பெண்கள் பழைய துணியில் கையாலேயே தைக்கும் கவந்திக்கு இன்று உலகம் முழுக்க ரசிகர்கள் இருக்கிறார்கள். நம் வீடுகளில் இரண்டு பழைய நூல் புடவைகளை மடித்து, ஓரம் தைத்து, பச்சைக் குழந்தைக்குக் கீழே விரித்தார்களே, அதற்குத்தான் யாரும் பெரிய பெயர் வைக்கவில்லை. 'கந்தை' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். காந்தாவும் கந்தையும் உறவுக்காரச் சொற்கள்.

சென்னையிலும் இந்தக் கைவேலைக்கு இப்போது ஒரு கூட்டம் சேர்ந்திருக்கிறது. 2019 ஜனவரியில் இந்திய குயில்ட் திருவிழா இங்கேதான் நடந்தது.

சாம்ப்ளர் என்பது கிட்டத்தட்ட பள்ளிக்கூடத்துப் பயிற்சி நோட்டு மாதிரி. ஒரு கட்டத்தில் சதுரம் இணைக்கக் கற்றுக்கொள்வீர்கள். அடுத்ததில் முக்கோணம். இன்னொன்றில் நீளப் பட்டைகள். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு முழு விரிப்பு. 'மாடர்ன்' என்ற அடைமொழி சேர்ந்தால் பின்னணியில் வெள்ளையோ சாம்பலோ தாராளமாக இருக்கும்; நிறங்கள் அடர்த்தியாக, தைரியமாக இருக்கும்; இடமும் வலமும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இருக்காது.

ஒரு கட்டம் 12 அங்குலம். மூன்றுக்கு மூன்றாக 9 கட்டம் வைத்தால் 36 அங்குலச் சதுரம். இந்த 36-ஐக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேலை இருக்கிறது.

இரண்டு நூல் கணக்கு

குயில்ட் தைப்பதில் சட்டம் என்று ஒன்று இருந்தால் அது கால் அங்குலம். எந்த இரண்டு துண்டை இணைத்தாலும் ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே தையல் போக வேண்டும். வடசென்னையில் தச்சர், கொத்தனார், வெல்டர் யாராவது வீட்டில் இருந்தால் அவரிடம் சொல்லிப் பாருங்கள், உடனே புரிந்துகொள்வார். அங்குலத்துக்கு எட்டு நூல் என்பது அவர்கள் கணக்கு. கால் அங்குலம் என்றால் இரண்டு நூல்.

அரை நூல் பிசகினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். ஒன்பது சதுரம் சேர்த்த 'நைன் பேட்ச்' கட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு வரிசையில் மூன்று சதுரம், நடுவில் இரண்டு தையல். ஒவ்வொரு தையலிலும் இரண்டு பக்கத்துத் துணியும் உள்ளே போகிறது. ஆக நான்கு இடத்தில் அரை அரை நூல். 12 அங்குலம் வரவேண்டிய கட்டம் கால் அங்குலம் குறைந்து நிற்கும். பக்கத்துக் கட்டத்தோடு சேர்க்கும்போது கோணல் தெரியும். புதிதாகத் தைக்க வருகிறவர்களில் பலர் கைவிட்டு ஓடுவது இந்த இடத்தில்தான்.

அதனால் முதலில் ஒரு சோதனை. இரண்டரை அங்குல அகலத்தில் இரண்டு பட்டைகளை வெட்டி இணையுங்கள். விரித்து அயர்ன் செய்து அளந்தால் சரியாக நாலரை அங்குலம் வர வேண்டும். வராவிட்டால், மிஷின் பிளேட்டில் ஊசியிலிருந்து கால் அங்குலம் தள்ளி ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டு துணியின் ஓரம் அதை உரசியபடி ஓட்டுங்கள். காலால் மிதிக்கும் பழைய மிஷினே போதும். கோலத்தில் புள்ளி தவறாமல் வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது இரண்டு நாளில் பிடிபட்டுவிடும்.

எதை வாங்குவது, எதை வாங்கக் கூடாது?

இனி கடை. முதலில் வாங்காமலேயே கிடைப்பதைப் பார்த்துவிடுவோம். உங்கள் வீட்டு பீரோவைத் திறந்து பாருங்கள். கொலு, வளைகாப்பு, கிரகப்பிரவேசம் என்று வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்த பிளவுஸ் பிட்கள் எத்தனை தூங்குகின்றன? எந்தப் புடவைக்கும் பொருந்தாது, தூக்கிப் போடவும் மனசு வராது, அடுத்த வீட்டு விசேஷத்துக்குக் கைமாற்றி விடுவதற்காகவே காத்திருக்கும். அமெரிக்கக் கடைகளில் குயில்ட் தைப்பவர்களுக்காக 18-க்கு 22 அங்குலத்தில் வெட்டி மடித்து 'ஃபேட் குவார்ட்டர்' என்று விற்கிறார்கள். நம் பிளவுஸ் பிட் அதைவிடப் பெரியது. அதில் அசல் பருத்தியை மட்டும் பொறுக்கி எடுத்தால் பாதிக் குயில்ட் வீட்டிலேயே தயார்.

அசல் பருத்திதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கடையில் 'ப்யூர் காட்டன்' என்று சொல்லித்தான் எல்லாமே விற்கிறது. ஓரத்தில் இரண்டு இழை உருவி வந்து வீட்டில் தீக்குச்சி கிழித்துப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரிவது போன்ற வாசனையோடு எரிந்து சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் கலந்தது உருகிச் சுருண்டு கருப்பு மணியாக இறுகிவிடும். (விம்கோ தீப்பெட்டி ஆலையின் பெயரில் ஒரு மெட்ரோ ஸ்டேஷனே இருக்கிற ஊரில் தீக்குச்சிக்குப் பஞ்சமில்லை!) கலப்புத் துணி அயர்னுக்கு மடங்காது, வழுக்கும், இரண்டு நூல் கணக்கை ஒரே தையலில் கெடுத்துவிடும்.

வெள்ளைப் பின்னணிக்கு பாப்ளின் அல்லது கேம்ப்ரிக். ரவிக்கைக்கு எடுக்கும் டூ பை டூ நிறங்களுக்கு நல்லது. எந்த நிறம் கேட்டாலும் கடைக்காரர் பத்து ஷேடு எடுத்துப் போடுவார். மல் துணி தொட்டால் ஆசையாக இருக்கும். ஆனால் இழுத்தால் நீளும் என்பதால் முதல் குயில்டுக்கு வேண்டாம். அடித்துணிக்குக் காடா. வெளுக்காத, கொஞ்சம் முரட்டுத் துணி. துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும். ஆனால் சுருங்கும். அதனால் வெட்டுவதற்கு முன்பே ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, அயர்ன் செய்துவிட வேண்டும்.

36 அங்குலக் குயில்டுக்கு, பன்னா 44 அங்குலம் இருக்கிற துணியில் அடிப்பக்கத்துக்கு ஒன்றேகால் மீட்டர் காடா போதும். சுற்றிலும் ஓரம் கட்ட இரண்டரை அங்குலப் பட்டைகள் நான்கு வேண்டும். 30 சென்டிமீட்டர் துணியில் முடிந்துவிடும். நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு குளிர்நாட்டு வழக்கம். ஜன்னலைத் திறந்தாலும் காற்று வராத மே மாதத்து ராயபுரத்தில் அது எதற்கு? பழைய நூல் புடவை ஒன்றை மடித்து வைத்தாலே போதும், பாட்டி செய்தது போல.

கூட்டத்தில் நிறம் பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள், சும்மா ஓர் அடையாளத்துக்காக எல்லாத் துணியையும் செல்போனில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் குயில்ட் மங்கிப் போகும் என்று அர்த்தம். கொஞ்சம் வெளிறியது, கொஞ்சம் அடர்ந்தது, நடுத்தரம் என்று மூன்றும் தெரிய வேண்டும்.

மொத்த விலையில் வேண்டுமென்றால் பாரிமுனைப் பக்கம் கோடவுன் தெருவுக்குப் போகலாம். அங்கே கால் மீட்டர், அரை மீட்டர் பேச்சு எடுபடாது. நாலைந்து தோழிகள் சேர்ந்து போய்ப் பிரித்துக்கொள்வதுதான் வழி. எம்.சி. ரோட்டிலோ, அகலம் குறைந்து போன, மீந்து போன கட் பீஸ் குவியலைக் கிளற விடுவார்கள். குயில்டுக்கு அந்தக் குவியல்தான் பொக்கிஷம்.

அப்படிக் கிளறும்போதும் கண்ணில் படாத துணி ஒன்று இருக்கிறது. அது ஆண்கள் பகுதியில், பனியன் பெட்டிகளுக்குப் பக்கத்தில், அடுக்கி வைக்கப்பட்டிருக்கும்.

'லுங்கிதானே!'

கைலி. காசிமேட்டில் வலை இழுப்பவர் கட்டுவது. லாரி ஓட்டுநர் சீட்டுக்கு மேலே காயப்போடுவது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அவசரமாகப் போய் வேட்டி மாற்றிக்கொண்டு வரச் சொல்வார்களே, அந்தக் கைலி.

அதை விரித்து உற்றுப் பாருங்கள். கட்டம், கட்டத்துக்குள் கோடு, கோட்டுக்குள் இன்னொரு நிறம். நீலமும் சிவப்பும் குறுக்கிடும் இடத்தில் மூன்றாவதாக ஒரு நிறம் பிறக்கும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்த வகைக் கட்டம் போட்ட பருத்திக்கு ஒரே பெயர்தான்: 'மெட்ராஸ்'. துணிக்கடையில் ஊர்ப் பெயரையே துணியின் பெயராகச் சொல்லிக் கேட்கிறார்கள். நகரத்தின் பெயர் 1996-ல் சென்னை என்று மாறியது. துணியின் பெயர் மாறவில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனி 1639-ல் இங்கே கோட்டை கட்ட இடம் வாங்கியதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று துணி. இயற்கைத் துறைமுகம்கூட இல்லாத, அலை அடித்துப் புரட்டும் ஒரு மணல் கடற்கரையைத் தேர்ந்தெடுக்க, இந்தப் பக்கம் நல்ல துணி மலிவாகக் கிடைக்கிறது என்பது காரணமாக இருந்தது. கம்பெனிக்கு நெசவாளர் வேண்டும், நூலையும் துணியையும் வெளுக்கிற வண்ணார் வேண்டும், சாயம் தீட்டுகிறவர் வேண்டும். வண்ணாரப்பேட்டை என்ற பெயரே அந்தத் தொழில் பாக்கி வைத்துவிட்டுப் போனது. நீங்கள் கட் பீஸ் கிளறும் இந்த ரோட்டில் துணி வாசம் நேற்று வந்ததல்ல.

'மெட்ராஸ் கைக்குட்டை' என்று ஏற்றுமதியானதைச் சட்டைப் பைக்குள் வைக்கும் கைக்குட்டை என்று நினைக்க வேண்டாம். ஒரு பக்கம் சுமார் 36 அங்குலம் உள்ள சதுரத் துணி. ஆமாம், நம் ஒன்பது கட்டக் குயில்டின் அளவேதான்! எண்ணூருக்கு வடக்கே இருக்கிற பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டியதும் இதே துணிக்காகத்தான். கட்டம் போட்ட கைக்குட்டைக்கு 'புலிக்கட்' என்ற பழவேற்காட்டின் பெயரே ஆங்கில அகராதியில் ஏறியது.

இந்தச் சதுரங்கள் போய்ச் சேர்ந்த இடங்களைக் கேட்டால் தலை சுற்றும். நைஜீரியாவின் ஆற்றுமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் இதை 'இஞ்சிரி' என்கிறார்கள். அந்தப் பெண்கள் கட்டத்துணியின் சில இழைகளை மட்டும் பிளேடால் வெட்டி உருவி, புதிதாக ஒரு டிசைனையே உண்டாக்கிவிடுவார்கள். அதே நாட்டின் இக்போ மக்கள் 'ஜார்ஜ்' என்று அழைக்கும் துணிக்கு, புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். கரீபியன் தீவுகளான மார்டினிக், குவாடலூப், செயின்ட் லூசியாவில் பெண்கள் விழாக்களுக்குத் தலையில் கட்டுகிற துணிக்கு இன்றும் 'மெட்ராஸ்' என்றே பெயர்.

இந்தப் பயணம் முழுக்கப் பெருமைக்குரியது என்று சொல்லிவிட முடியாது. சோழமண்டலக் கரையிலிருந்து போன பருத்தித் துணி மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதர்களை விலைக்கு வாங்கவும் கைமாறியது. கட்டத்துணி அட்லான்டிக்கைத் தாண்டிய வழிகளில் அதுவும் ஒன்று.

குயில்டுக்கும் இந்தக் கடற்கரைக்கும் நேரடியாகவே ஒரு தொடர்பு இருக்கிறது. சீட்டித் துணி தெரியுமல்லவா? சாயவேர்ச் சிவப்பும் அவுரி நீலமும் கையால் தீட்டிய பூ, கொடி, மரம். சோழமண்டலத்துச் சீட்டி ஐரோப்பாவில் போட்ட போட்டில் அங்கே கம்பளி, பட்டு நெய்கிறவர்கள் கதறினார்கள். பிரான்ஸ் 1686-ல் தடை போட்டது. இங்கிலாந்து 1721-ல் சட்டம் இயற்றியது. கிடைக்காத பொருளுக்குத்தானே மவுசு அதிகம்! கையில் இருந்த சீட்டித் துண்டை வீணாக்க மனசில்லாமல், பூவை மட்டும் சுற்றி நறுக்கி, வெறும் வெள்ளைத் துணியில் வைத்துத் தைத்தார்கள். ஒரு சாண் சீட்டியில் ஒரு படுக்கை விரிப்பே நிறைந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பழைய குயில்ட்களில் இந்தப் பாணிக்குத் தனி இடம் உண்டு.

"அரை மீட்டர்ல என்னம்மா தைப்பீங்க?" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

சாயம் போவதற்கு உத்தரவாதம்!

கைலி வாங்கியாயிற்று. அடுத்த பயம், சாயம். முதல் தண்ணீரிலேயே வாளி முழுக்கச் சிவப்பானால் வெள்ளைப் பின்னணி என்ன ஆகும்?

இந்தப் பயத்தை வைத்து ஒரு காலத்தில் பெரிய வியாபாரமே நடந்திருக்கிறது. 1958-ல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் மெட்ராஸ் கட்டத்துணி வாங்க வந்தார். விற்றவர், பிற்காலத்தில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கிய கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர். 'இது சாயம் போகிற துணி, குளிர்ந்த தண்ணீரில் பக்குவமாக அலச வேண்டும்' என்று நாயர் சொல்லி அனுப்பியதாகவும், அந்தச் செய்தி மட்டும் நியூயார்க்கில் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போய்ச் சேரவில்லை என்றும் கதை. வாங்கியவர்கள் மிஷினில் போட்டார்கள். நிறம் எல்லாம் ஒன்றோடொன்று கலந்தது. புகார்கள் குவிந்தன. வழக்கு வரைக்கும் போயிருக்க வேண்டிய விவகாரத்தை விளம்பரக்காரர்கள் ஒரே வரியில் திருப்பிப் போட்டார்கள். 'சாயம் போகும் என்று உத்தரவாதம்!' ஒவ்வொரு சலவையிலும் சட்டை புதிதாகிறதாம். 1960-களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் அதைத் தேடித் தேடி வாங்கினார்கள்.

அந்தச் சாமர்த்தியம் நமக்கு வேண்டாம். கைலியின் ஓரத்தை நனைத்து ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள். நிறம் ஒட்டினால், வெட்டுவதற்கு முன் தனியாகத் துவைத்து, தண்ணீர் தெளிகிறவரை அலசுங்கள். அப்படியும் நிற்காத துணியை வெள்ளையோடு சேர்க்காதீர்கள். காய்ந்ததும் லேசாகக் கஞ்சி போட்டு அயர்ன் செய்தால் துணி விறைப்பாக நின்று கோணாமல் வெட்டுப்படும். கட்டத்துணியில் இன்னொரு வசதி, ஸ்கேலே வேண்டாம். கோட்டின் மேலேயே கத்தரி போடலாம். (கோடு நேராக இருந்தால்!)

ஒரு கைலி இரண்டு மீட்டருக்குப் பக்கத்தில் வரும். 9 கட்டத்துக்கு இரண்டு, மூன்று நிறத்தில் கைலி எடுத்தால் மீதியும் இருக்கும். கைத்தறியா, விசைத்தறியா என்பது தொட்டுப் பார்த்துச் சொல்லப் பழக வேண்டிய விஷயம். 1985-ம் ஆண்டு கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் கைத்தறிக்கென்று ஒதுக்கிய 11 ரகங்களில் லுங்கியும் இருக்கிறது. கடையில் அடுக்கியிருப்பதைப் பார்த்தால் நம்ப முடியாது. குடியாத்தம், குறிஞ்சிப்பாடி என்று கைலிக்குப் பெயர்போன ஊர்களின் பெயரைக் கடைக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். தறியின் பெயரைக் கேட்டால்தான் பேச்சு மாறுகிறது. சந்தேகம் இருந்தால் கோ-ஆப்டெக்ஸில் கைத்தறி முத்திரை பார்த்து வாங்கிவிடலாம்.

காலெட் துரையின் பேட்டை

பை நிறைந்ததும் திரும்பி வீட்டுக்குப் போய்விடாமல், வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் பக்கம் போகிற மெட்ரோவில் ஏறுங்கள். 2021 பிப்ரவரியில் திறந்த பாதை இது. தண்டையார்பேட்டை வரை சுரங்கத்தில் போகிற ரயில் பிறகு மேலே ஏறும். கீழே வரிசையாகக் கன்டெய்னர் லாரிகள். கிழக்கே, கட்டடங்களின் இடைவெளியில், கடல். டோல்கேட் தாண்டினால் காலடிப்பேட்டை.

யாரோ மகானின் காலடி பட்ட இடம் போலிருக்கிறது என்று பெயரைக் கேட்டவுடன் தோன்றும். பட்டது ஒரு கவர்னரின் பெயர். 1717 முதல் 1720 வரை சென்னையின் கவர்னராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடியேற்றி உருவாக்கிய 'காலெட் பேட்டை' இது. நாக்கில் புரண்டு புரண்டு காலடிப்பேட்டை ஆகிவிட்டது. பின்னாளில் 1734-ல் சிந்தாதிரிப்பேட்டை உருவானதும் இதே போல நெசவுக்காகத்தான். துணி வேண்டும் என்றால் தறி வேண்டும், தறி வேண்டும் என்றால் ஒரு பேட்டையே கட்டு என்பது அந்தக் காலக் கணக்கு.

இங்கே கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில் இருக்கிறது. காலெட்டிடம் வேலை பார்த்த வீரராகவன் என்பவர் காஞ்சிபுரத்து வரதரைத் தரிசிக்காமல் வேலைக்கு வரமாட்டாராம். அவருடைய பக்தியைச் சோதித்து அசந்து போன துரை, வரதரை இங்கேயே கொண்டு வந்துவிட்டார் என்பது கோயிலைப் பற்றிச் சொல்லப்படும் கதை. லீவு கேட்டு வந்த ஊழியருக்குக் கோயிலே கட்டிக் கொடுத்த மேனேஜர் என்று இந்தக் காலத்துப் பாஷையில் சொல்லலாம்.

காலெட் கவர்னராக இருந்த அதே காலத்தில், 1718-ல், முன்னாள் கவர்னர் எலிஹு யேல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாகாணத்தில் ஒரு சின்னக் கல்லூரிக்கு 9 பொதி சரக்கும் புத்தகங்களும் மன்னரின் படமும் அனுப்பிவைத்தார். பொதிகளில் இருந்தவை பெரும்பாலும் துணி. விற்றதில் 500 பவுண்டுக்கு மேல் கிடைத்தது. அந்தப் பணத்தில் எழுந்த கல்லூரிக்கு யேல் என்று பெயர் வைத்தார்கள். விற்ற துணியின் பெயர் யாருக்கும் நினைவில்லை.

இன்று காலடிப்பேட்டைத் தெருக்களில் நடந்தால் பைக் சத்தம் கேட்கும், குழாயடிச் சண்டை கேட்கும், மாலையில் கோயில் மணி கேட்கும். தறிச் சத்தத்துக்கு மட்டும் காது ஏங்க வேண்டியதுதான். முந்நூறு வருடத்துக்கு முன்பு இந்த ஊரைக் கட்டிய தொழில், ஊருக்குப் பெயரை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

அடுத்த ஸ்டேஷன் திருவொற்றியூர் தேரடி. துண்டுத் துணி வேலையை ரசிக்கிறவர்கள் தேர்த் திருவிழா நாளில் வந்தால் தேரில் தொங்கும் தொம்பைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறத்தை வெட்டி வைத்துத் தைத்த வேலை அது. குயில்டின் பெரியம்மா மகள்.

ஒன்பதாவது கட்டம்

எட்டுக் கட்டத்துக்குத் துணி பார்த்தாயிற்று. ஒன்பதாவது கட்டத்தைக் கடையில் வாங்காதீர்கள்.

அமெரிக்காவில் அலபாமா மாகாணத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு சிற்றூர். அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், வயல் வேலைக்குப் போட்டுக் கிழிந்த கால்சட்டை, சட்டைகளைச் சேர்த்துத் தலைமுறை தலைமுறையாகக் குயில்ட் தைத்தார்கள். முழங்கால் தேய்ந்த இடம் வெளிறியும், பாக்கெட்டைப் பிரித்த இடம் அடர்ந்தும் இருக்கும். அதையே டிசைனாக்கினார்கள். 2002-ல் அந்தக் குயில்ட்கள் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் தொங்கின. 2006-ல் அமெரிக்கத் தபால் தலையிலும் வந்தன.

வடசென்னை வீடுகளில் அப்படிப்பட்ட துணிக்கா குறைச்சல்? துறைமுகம், லேலண்ட், என்ஃபீல்டு, அனல் மின்நிலையம் என்று அப்பாவும் தாத்தாவும் போட்டுத் தேய்ந்த காக்கிச் சட்டைகள் பரணில் கிடக்கும். பெரம்பூர் பக்கத்து வீடுகளில் பின்னி ஆலையின் துணியும் இருக்கலாம். 1876-ல் பக்கிங்ஹாம், 1881-ல் கர்நாடிக் என்று தொடங்கிப் பிறகு ஒன்றான பி அண்ட் சி மில், சாயம் போகாத காக்கிக்குப் பேர்போனது. 1918-ல் மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்ததும் அந்தத் தொழிலாளர்களால்தான். 1996-ல் ஆலை மூடிய பிறகு அங்கே சினிமா ஷூட்டிங் நடந்தது. அங்கே நெய்த துணியைக் கடையில் கேட்டால் இனி கிடைக்காது. பரணில்தான் தேட வேண்டும்.

காக்கி கனமான துணி. மெல்லிய பருத்தியோடு சேர்த்தால் இழுக்கும். அதனால் ஒரு கட்டம் முழுவதையும் காக்கியிலேயே தையுங்கள். அதற்கு ஏற்றது 'லாக் கேபின்' டிசைன். நடுவில் ஒரு சின்னச் சதுரம். அதைச் சுற்றி ஒவ்வொரு பக்கமாகப் பட்டை, அதற்கு வெளியே இன்னொரு சுற்றுப் பட்டை. நடுச் சதுரத்துக்கு மட்டும் கைலியில் ஒரு சிவப்புத் துண்டு வெட்டி வையுங்கள். 16-ம் நம்பர் ஊசி போடுங்கள். பித்தான் பட்டியையும் தைத்துவிட ஆசை வரும். மிஷின் ஊசி உடையும், அதை மட்டும் கையால் தைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று அடுக்கையும் சேர்த்து ஓட்ட மிஷின்தான் வேண்டும் என்பதில்லை. கெட்டி நூலில், அரை அங்குல இடைவெளியில், கையாலேயே ஓட்டுத் தையல் போட்டால் போதும். ஒரு நாளைக்கு ஒரு கட்டம் என்று வைத்தாலும் ஒன்பது சாயங்காலம் ஆகும். கடைசியில் ஓரம் கட்டி முடித்ததும் மடித்து வைத்துவிடாதீர்கள். குளிர்ந்த தண்ணீர் ஒரு வாளி எடுத்து அதில் அமுக்கி, பத்து நிமிடம் கழித்துத் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். தெளிவாக இருந்தால் மொட்டை மாடியில் காயப்போடுங்கள். நீலமாகவோ சிவப்பாகவோ இருந்தால் பிழிந்து அப்படியே போட்டுவிடாமல் உடனே எடுத்து, ஓடுகிற தண்ணீரில் பிடியுங்கள். எண்ணூர்ப் பக்கம் வீடு என்றால் காயப்போட நிழலான இடமாகப் பாருங்கள், காற்றில் வரும் கரித்தூசி வெள்ளையில் ஒட்டிக்கொள்ளும்.